பாதி மாத்திரையில் நாளைக் கடத்தாதீர்கள், தங்கச்சி

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு சகோதரி மருத்துவரான எனக்கு நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் சொந்த ஊரும் வேண்டாம், சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

வயது 27. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர். பினாங்கைச் சேர்ந்த மலேசியக் குடிமகனைக் கல்யாணம் செய்து இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. கல்யாணம் ஜே.பி.என். என்ற தேசியப் பதிவுத் துறையில் பதிவாகிவிட்டது. இமிகிரேஷன் ஒரு வருடத்துக்கு நீண்டகாலச் சமூக வருகை பாஸ் கொடுத்திருக்கிறது. ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதியவருக்கு இங்கே வேலை இல்லை. கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன். மாமியார், நாத்தனார் எல்லோரும் அந்த ஒரு சம்பளத்தில்தான் இருக்கிறார்கள்.

இவருக்கு 21 வயதிலிருந்து தைராய்டு குறைவு. தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை. "கல்யாணம் முடியும்வரை அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதே" என்று வீட்டில் சொன்னதால் கணவருக்கு இன்றுவரை தெரியாது. கொண்டுவந்த டப்பா காலியாகிக்கொண்டே வர, ஃபார்மசியில் கேட்டிருக்கிறார். மருத்துவர் சீட்டு கேட்டார்கள். அதனால் ஆறு வாரமாக ஒரு மாத்திரையை பிளேடால் இரண்டாக வெட்டி, நாளுக்குப் பாதி போட்டுக்கொள்கிறார். கையில் மிச்சம் 16 மாத்திரை. இந்த நிலையில்தான் நாள் தள்ளிப்போய், கிட்டில் இரண்டு கோடு தெரிந்திருக்கிறது. கணக்குப்படி ஒன்பதாவது வாரம்.

"என் வீட்டுக்காரர், நீ இப்போது மலேசியாக்காரன் மனைவி, அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளியில் (ரிங்கிட்டில்) எல்லாம் முடிந்துவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, வெளிநாட்டுக்காரர் போனால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், இமிகிரேஷனுக்கும் சொல்லிவிடுவார்கள் என்கிறார். கணவரின் நண்பர், ஃபோரின் வொர்க்கருக்கான இன்சூரன்ஸ் எடு என்கிறார். அம்மா, தலைப்பிரசவம் இங்கேதான், கிளம்பி வா என்கிறார். நான் யாரை நம்புவது? பாதி மாத்திரை போட்டதால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

இன்றிலிருந்து முழு மாத்திரைக்குத் திரும்புங்கள். அது உங்கள் மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த அளவு, நான் புதிதாக எதையும் கூட்டவில்லை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது கழித்துச் சாப்பிடுங்கள். கையில் 16 மாத்திரை என்றால் 16 நாள். அந்த 16 நாளுக்குள் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது.

ஏன் இவ்வளவு அவசரம்? வயிற்றுக் குழந்தையின் தைராய்டுச் சுரப்பி மூன்றாம் மாத முடிவில்தான் வேலை செய்யத் தொடங்கும். தன் தேவைக்குப் போதுமான அளவு சுரக்க ஐந்தாம் மாதம் வரைக்கும் ஆகும். அதுவரை குழந்தையின் மூளை வளர உங்கள் உடம்பில் இருக்கும் ஹார்மோனைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலான பெண்களுக்கு மாத்திரையை நாலில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூட்டுவோம். உங்களுக்கு நடந்தது அதற்கு நேர் எதிர்: கூட வேண்டிய நேரத்தில் பாதியாகிவிட்டது. குறைந்த நிலையிலேயே விட்டால் கருச்சிதைவு, ரத்தக் கொதிப்பு, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆறு வாரம் பாதி மாத்திரை போட்ட பெண்களுக்கு நல்ல குழந்தை பிறந்ததை நானே பார்த்திருக்கிறேன். பாதி மாத்திரையாவது உள்ளே போயிருக்கிறது, ஒன்பதாவது வாரத்திலேயே நீங்கள் விழித்துக்கொண்டீர்கள். இனி டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து, எண்ணைப் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். பிறகு கர்ப்பத்தின் முதல் பாதி முழுக்க நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே பரிசோதனை. ஃபோலிக் ஆசிட்டும் உடனே தொடங்குங்கள், அது விலை குறைவு, ஃபார்மசியிலேயே கிடைக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுப்பார்கள். அவற்றைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதைச் சொல்ல மறந்துவிடுகிற மருந்து கவுண்டர்கள் உண்டு, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வெள்ளி யாருக்கு?

உங்கள் கணவர் சொல்வது அவரைப் பொறுத்தவரை சரி. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, அரசு ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டுக்கு ஐந்து வெள்ளி. ஆனால் கல்யாணம் செய்துகொண்டதால் மட்டும் நீங்கள் குடிமகள் ஆகிவிடவில்லை. உங்கள் கையில் இருப்பது பாஸ்போர்ட்டும் பாஸும்தான். வெளிநாட்டவருக்கான கட்டணம் 2014ஆம் ஆண்டின் ஓர் உத்தரவுப்படி படிப்படியாக ஏறி இன்றைய நிலைக்கு வந்தது. கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க ஒரு தடவைக்குச் சில பத்து வெள்ளி ஆகும், ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் தனி. பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் "ஆயிரக்கணக்கு" கிளினிக்கில் கிடையாது. அது ஆஸ்பத்திரியில் படுக்கும்போது கேட்கும் டெபாசிட். மூன்றாம் வகுப்பு வார்டில் வெளிநாட்டவருக்கு அறுவை இல்லாத சிகிச்சைக்கு 1,400 வெள்ளி, அறுவைக்கு 2,800 வெள்ளி என்று வைத்திருக்கிறார்கள். ஆக, இருவரும் பாதி பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கணவரோடு ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதாவது ஹாஸ்பிட்டல் பூலாவ் பினாங்குக்கு, ஒரு வேலை நாளில் போங்கள். யூனிட் ஹாசில் என்று ஒரு பிரிவு இருக்கும், கட்டணம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். கல்யாணப் பதிவுச் சான்றிதழையும் கணவரின் ஐ.சி.யையும் (அடையாள அட்டை) காட்டி, "குடிமகனின் மனைவி என்ற முறையில் எனக்கு எந்தக் கட்டணம், பிரசவத்துக்கு என்ன சலுகை பொருந்தும், சுகப்பிரசவத்துக்கு டெபாசிட் எவ்வளவு, சிசேரியன் ஆனால் எவ்வளவு, தவணையில் கட்ட விடுவீர்களா" என்று கேளுங்கள். சொல்லும் தொகையை ஒரு தாளில் தேதியோடு எழுதி வாங்குங்கள். ஏழு மாதம் கையில் இருக்கிறது. தொகை தெரிந்துவிட்டால் மாதாமாதம் எவ்வளவு எடுத்து வைப்பது என்று கணக்குப் போடலாம், அதுதான் நீங்கள் செய்துவந்த தொழிலும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய ஓர் இடம் உண்டு, அதை யாருமே உங்களுக்குச் சொல்லவில்லை: கணவரின் ஃபேக்டரி எச்.ஆர். பாயான் லெப்பாஸில் பல கம்பெனிகள் தொழிலாளிக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் பேனல் கிளினிக் வசதி, அதாவது கம்பெனி செலவில் டாக்டரைப் பார்க்கும் வசதி, வைத்திருக்கின்றன. மனைவி வெளிநாட்டவர் என்பது பெரும்பாலும் அங்கே பிரச்சினை இல்லை, கல்யாணப் பதிவைக் கொடுத்துப் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரசவச் செலவை அதில் சேர்க்காமல் போகலாம், ஆனால் தைராய்டுக்கான டாக்டர் செலவும் மருந்தும் அதிலேயே முடியக்கூடும். உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று கணவர் நாளையே கேட்கட்டும். சேரவில்லை என்றால் இந்த முதல் பரிசோதனைக்குப் பக்கத்திலுள்ள ஒரு சாதாரண தனியார் கிளினிக் போதும். ஒரு டி.எஸ்.எச்., ஒரு மாத மாத்திரை, கையில் ஒரு சீட்டு. அந்தச் சீட்டு இருந்தால் ஃபார்மசி உங்களைத் திருப்பி அனுப்பாது.

இமிகிரேஷன் பயம்

இந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கோ இமிகிரேஷனுக்கோ தெரிவிக்கச் சொல்லி 2001இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று வந்தது. அதனால் எத்தனையோ பேர் நோய் முற்றும்வரை வீட்டிலேயே கிடந்தார்கள். ஒரு மருத்துவராக எனக்கு அது இன்றும் நெஞ்சில் முள்தான். ஆனால் அது உங்களைப் பற்றியது அல்ல. உங்கள் பாஸ் செல்லும், கல்யாணம் பதிவானது. கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டுவது உங்கள் அடையாளத்துக்கும் எந்தக் கட்டணம் என்று பார்ப்பதற்கும்தான்.

அரசு கிளினிக் ஒன்றில் நான் வேலை செய்த காலத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டை மஞ்சள் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நம்பர் மெஷினுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தார். நம்பர் எடுக்கவில்லை. மறுநாளும் வந்தார், அதே இடத்தில் நின்றார். மூன்றாம் நாள் நான் தேடும்போது இல்லை. எட்டாம் மாதத்தில் ரத்தக் கொதிப்போடு ஆம்புலன்ஸில் வந்தார். அவரிடமும் செல்லுபடியாகும் பாஸ் இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் வந்திருந்தால் அவருக்கு ஐ.சி.யூ. பில் வந்திருக்காது.

நீங்கள் கவனிக்க வேண்டியது பாஸ் முடியும் தேதியை. புதுப்பிக்கக் கணவர் கூட வர வேண்டும், கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் அந்த அலைச்சல் வேண்டாம். தேதி பிரசவத்துக்குக் கிட்டத்தில் விழுந்தால் எப்போதிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்று இப்போதே கேட்டு வையுங்கள். இன்னொன்று: உங்கள் பாஸில் வேலை செய்யத் தடை என்று முத்திரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது முடிந்த முடிவு அல்ல. குடிமகனின் மனைவி வேலை செய்ய அனுமதி கேட்டு இமிகிரேஷனில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அனுமதி வரும்வரை கடையிலோ கேட்டரிங்கிலோ கைக்காசுக்கு வேலைக்குப் போகாதீர்கள். பாஸுக்கு ஆபத்து வந்தால் மருத்துவத்துக்கும் ஆபத்து.

(இதைப் படிக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு ஒரு வார்த்தை. ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆரின் அட்டை இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. பில் போடும் முன்பே அட்டையைக் காட்டுங்கள்.)

இன்சூரன்ஸ்

நண்பர் சொன்ன திட்டம் ஸ்பிக்பா. 2011இல் தொடங்கியது, வேலை பெர்மிட்டில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கானது. நீங்கள் தொழிலாளியாக வரவில்லை, உங்களுக்குப் பொருந்தாது. தனியாக மெடிக்கல் கார்டு, அதாவது தனியார் மருத்துவ இன்சூரன்ஸ், எடுக்கலாம், ஆனால் இந்தப் பிரசவத்துக்கு அது உதவாது. பொதுவாக முதல் 30 நாளுக்கும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாளுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. சாதாரண மெடிக்கல் கார்டில் கர்ப்பமும் பிரசவமும் சேராது. ஏற்கெனவே உள்ள தைராய்டும் சேராது. ஏஜெண்ட் "அதைப் போட வேண்டாம்மா, விடுங்க" என்று சொன்னால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மறைத்து எடுத்த பாலிசி தேவைப்படும் நாளில் கையை விரித்துவிடும். பிரசவம் முடிந்து நிதானமாக எடுக்கலாம், இப்போது அந்தக் காசு டெபாசிட்டுக்குப் போகட்டும்.

தலைப்பிரசவம் எங்கே?

அம்மா கூப்பிடுவது வழக்கத்துக்காக மட்டும் இல்லை. நான்கு மாதமாகப் பெண்ணைப் பார்க்காத தாய். அதை நானும் மதிக்கிறேன். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம், கூட அம்மா இருப்பார், மொழிச் சிக்கல் இல்லை. இதெல்லாம் சின்ன விஷயம் அல்ல.

ஆனால் சிலவற்றை எடைபோடுங்கள். குழந்தை இங்கே பிறந்தால், தந்தை குடிமகன், கல்யாணம் பதிவானது என்பதால் அது பிறக்கும்போதே மலேசியக் குடிமகன். அப்புறம் குழந்தைக்கு அந்த ஒரு வெள்ளிக் கட்டணமும் இலவசத் தடுப்பூசியும் கிடைக்கும். அங்கே பிறந்தாலும், உங்கள் கணவர் மலேசியாவில் பிறந்த குடிமகன் என்றால், குழந்தைக்குக் குடியுரிமை உண்டு. ஆனால் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவுசெய்ய வேண்டும். அதை ஒரு வருடத்துக்குள் தவறாமல் முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் குழந்தையோடு இங்கே திரும்பும் ஏற்பாடு. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு ஆர்.சி.எச். எண் என்ற கர்ப்பப் பதிவு எண் கேட்பார்கள், அதனால் போனதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவுசெய்ய வேண்டும். விமானத்தில் ஏழாம் மாதத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்பார்கள், கடைசி மாதத்தில் ஏற்றவே மாட்டார்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது இங்கே பாஸ் முடிந்துவிடவும் கூடாது.

என் அபிப்பிராயம் இது. இப்போதே ஓடிப் போகாதீர்கள். ஐந்தாம் மாதம் வரை இங்கேயே ஒரே இடத்தில் பார்த்து, தைராய்டு எண் நிலைக்கு வரட்டும். யூனிட் ஹாசிலில் வாங்கிய தொகையைப் பார்த்து, சேர்க்க முடியும் என்றால் இங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள், அம்மாவை இங்கே வரவழையுங்கள். முடியாது என்றால் ஆறாம் மாதத்தில், இங்கே பதிந்த எல்லாப் பரிசோதனைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டுமே நல்ல வழிதான். எங்கே பிரசவம் என்று பேசிப் பேசியே எங்கும் பதியாமல் ஆறு மாதம் போய்விடுவதுதான் கெட்ட வழி.

கணவரிடம் சொல்வது

கிளினிக்கில் உங்கள் நோயைப் பற்றி நீங்கள் சொல்வது உங்களுக்கும் டாக்டருக்கும் இடையில்தான். டாக்டர் அறைக்குள் தனியாகப் போகலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் எச்.ஆர்., டெபாசிட், பாஸ் எல்லாவற்றிலும் கணவர் வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் தைராய்டு என்று எழுதி, கவனிப்பு அதிகம் தேவை என்பதற்கு நிற ஸ்டிக்கரும் ஒட்டுவார்கள். அந்தப் புத்தகம் வீட்டு மேசையில்தான் கிடக்கும். அவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது நல்லது.

மறைத்ததில் உங்கள் தவறு எவ்வளவு, பெற்றவர்கள் தவறு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாமியார் இல்லாத நேரம் பார்த்து, டப்பாவைக் கையில் கொடுத்து இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எனக்கு ஆறு வருஷமா தைராய்டு இருக்கு. தினமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். சொல்ல பயந்தேன், தப்புதான். இப்போ குழந்தைக்காக உங்க உதவி வேணும்." ஒரு நாள் கோபித்துக்கொள்ளலாம், பேசாமலும் இருக்கலாம். ஒரு வெள்ளியில் எல்லாம் முடிந்துவிடும் என்று தைரியம் சொன்ன மனிதர், தெரிந்தால் துணைக்கு வருவார் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. ஒருவேளை பேச்சு எல்லை மீறினால், வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், எனக்கும் உடனே எழுதுங்கள்.

போகும்போது

உங்கள் முகவரிக்கு உரிய கிளினிக் கெசிஹாத்தானின் தாய்சேய் பிரிவுக்குக் காலையில் சீக்கிரம் போங்கள். பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு, கணவரின் ஐ.சி. நகல், முகவரிக்கு ஒரு மின்சார பில், மாத்திரை டப்பா, ஊரில் எடுத்த பழைய ரத்தப் பரிசோதனை ஃபோனில் இருந்தால் அதுவும் வேண்டும். அன்றைக்கே ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுப்பார்கள். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனையும் அதில் இருக்கும். அது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வது, உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல.

இடையில் ரத்தக்கசிவோ கடும் வயிற்றுவலியோ வந்தால் கிளினிக், எச்.ஆர். எதையும் யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், வண்டி இல்லை என்றால் 999. உயிர் காக்கும் சிகிச்சையைக் காசுக்காக நிறுத்தி வைக்க மாட்டார்கள், பில் பேச்சு பிறகுதான்.

மலாய் வராது என்று தயங்கியிருந்தீர்கள். கவுண்டரில் இருக்கும் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) இதைச் சொன்னால் போதும், இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்: "சயா ஹாமில், அடா சாக்கிட் தைராய்ட், நாக் புக்கா புக்கு." நான் கர்ப்பமாக இருக்கிறேன், தைராய்டு இருக்கிறது, புத்தகம் போட வேண்டும் என்று அர்த்தம். டி.எஸ்.எச். எண் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.